விடுடி, வேற வாங்கிக்கலாம்

மதுரைப் பசுமலையில் டி.பி.கே. ரோட்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். கண்ணாடி மேசையில் குனிந்து இரண்டு மாணவிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பதிவு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டாள். "விடுடி, வேற ஃபார்ம் வாங்கிக்கலாம், அஞ்சு ரூபாதான" என்றாள் தோழி. கொஞ்ச நேரத்தில் அந்தத் தோழியே பாடக் குறியீட்டைத் தப்பான கட்டத்தில் எழுதித் தொலைத்தாள். "சரியான தத்தி நானு. மண்டைல ஒண்ணும் கெடையாது. எங்கம்மா சொல்றது கரெக்ட்டுதான்." அதே வாய், அதே ஐந்து ரூபாய்த் தப்பு. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இன்னொரு ஃபார்மை எடுத்து நீட்டினார்.

"எங்கம்மா சொல்றது" என்றாளே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்வதைக் கவனித்த ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி, அந்தப் பேச்சுதான் வளர வளர உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். பிள்ளைக்கு அந்தப் பேச்சு வெளியிலிருந்துதானே வருகிறது? இந்தக் காலத்துப் பிள்ளைகள் மைண்ட் வாய்ஸ் என்கிறார்களே, அதைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி நேரம் கணக்கு வாத்தியார் பேசிக்கொண்டிருப்பார். மீதி நேரம் பெரியப்பா. நம் பக்கத்தில் "வெளங்காத பய", "நீயெல்லாம் எங்க உருப்படப் போற" என்பதெல்லாம் பாசத்தில் வருகிற திட்டும்கூட. திட்டிய அப்பா ராத்திரி பரோட்டா வாங்கிக்கொண்டு வருவார், திட்டியதே அவருக்கு ஞாபகம் இருக்காது. பையனுக்கு இருக்கும்.

1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கண்டுகொண்டார். அவர்கள் வெளியே சொல்லும் கதைக்கு அடியில் இன்னொரு பேச்சு சரசரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவர்கள் அபிப்பிராயமாக நினைக்கவில்லை, நடந்த உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். 'அதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்கப் பழக்குவதையே பெக் சிகிச்சையாக்கினார். தத்தி என்பதற்கு அத்தாட்சி, வீணாய்ப்போன ஒரு ஃபார்ம்.

திட்டைவிட மோசமான ஒன்று உண்டு என்பேன். "நமக்கெல்லாம் எங்கங்க வரப்போகுது" என்பது. அடக்கமான ஆள் என்று ஊரில் பேர்கூட வாங்கித் தரும். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டாம், தோற்கவும் வேண்டாம். தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு வேலையை மாற்றாமல், கடையை விரிக்காமல், மேடை ஏறாமல் இருந்துவிட்ட கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

சரி, மாற்றிப் பேசினால்? கல்லூரிக்குக் கல்லூரி தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்து, "நான் சிறந்தவன்" என்று எல்லோரையும் எழுந்து நின்று சொல்லவைக்கிறார். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட்டும் அவர் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட வாசகங்களைச் சொல்லவைத்துப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். ஏற்கெனவே தன்னைக் குறைவாக மதிப்பவர்களுக்கு அதனால் மனம் இன்னும் தாழ்ந்ததாம். இருக்காதா பின்னே? நம்பாத ஒன்றைச் சொல்லச் சொன்னால் உள்ளேயிருந்து "அடேங்கப்பா" என்று ஒரு நக்கல் கிளம்பத்தான் செய்யும்.

பலித்தது வேறொன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இது. மேடைப் பேச்சு மாதிரி பதற்றம் தரும் வேலைகளுக்கு முன்னால் 'நான் ஏன் பதறுகிறேன்' என்று யோசித்தவர்களைவிட, தன் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ தன்னிடம் பேசிக்கொண்டவர்கள் தேவலையாகச் செய்தார்கள். பிறகு அதையே போட்டு உழப்பிக்கொள்வதும் குறைந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. பொருள் தேடக் கிளம்பும் சங்கத் தலைவன் போகவா இருக்கவா என்று தன் நெஞ்சிடம்தான் வழக்காடுகிறான். 'நெஞ்சொடு கிளத்தல்' என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். நெஞ்சை எதிரே உட்காரவைத்துக் கேட்கிற மரபு இது. அதில் கோபம் உண்டு, கெஞ்சல் உண்டு. வெற்றுப் புகழ்ச்சி அபூர்வம்.

மதுரையில் இப்படித் தன்னைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்த ஒரு ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு டாக்டர் கோ. வெங்கடசாமிதான். 1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். பசுமலையில் 1881-ல் தொடங்கி அப்புறம் தல்லாகுளத்துக்குப் போன அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தார். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் போட்டது. விரல்கள் கோணிப் போய்ப் பேனா பிடிப்பதே பாடாகிவிட்டது. "நமக்கெல்லாம் எங்க" என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைத்திராது. அவர் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்யச் சொல்லி, கத்தி பிடிக்கப் பழகினார். லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சைகள். 1976-ல் 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்று, 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் நோட்டுப் புத்தகங்களில் தனக்குத்தானே எழுதிவைத்தவற்றில் நிறைய கேள்விகள்தான் என்கிறார்கள் படித்தவர்கள். ஊர் ஊராக மெக்டொனால்டு பர்கர் ஒரே தரத்தில் கிடைக்கிறபோது கண் சிகிச்சை ஏன் அப்படிக் கிடைக்கக் கூடாது என்று கேட்டவர் அவர். 'நான் திறமைசாலியா' என்ற கேள்விக்குச் சொல்வதுபோல 'இதை எப்படிச் செய்வது' என்ற கேள்விக்கு உள்ளே இருக்கும் வாத்தியாரால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் திட்ட மறந்துவிடுகிறார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 2006-ல் டாக்டர் இறக்கும்வரை அந்த விரல்கள் நிமிரவில்லை, கேள்வி கேட்டு நிமிர்கிற விரல்கள் இல்லை அவை. உள்ளே பேசுகிற குரலிலும் அப்படி ஒரு வகை உண்டு. தூங்கவிடாது, சாப்பிடவிடாது, செத்துப்போ என்றுகூடச் சொல்லும். அதனிடம் தனியாக வழக்காடக் கூடாது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்குக் கூப்பிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.