சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: பழியெல்லாம் கட்டி மேல்தானா?

சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை வருஷம்?" என்பதுதான். உடனே சொந்தத்தில் யாராவது ஒரு பையன் இணையத்தில் தேடி 77 சதவீதம் என்று ஒரு எண்ணைக் கொண்டு வந்து வைப்பான். அமெரிக்கக் கணக்குப்படி, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால், ஐந்து வருஷத்தைத் தாண்டுபவர்களின் விகிதம் ஏறக்குறைய அதுதான். சிலர் அந்த 77-ஐப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடைவார்கள். சிலர் மீதி 23-ஐ நினைத்து அழுவார்கள். இரண்டுமே வீண் வேலை!

ஏனென்றால் அந்த 77 எந்த நோயாளியின் எண்ணும் அல்ல. உள்தோலைத் தாண்டாத கட்டி என்றால் ஏறக்குறைய 97. உள்ளே இறங்கியிருந்தாலும் பையை விட்டு வெளியே போகவில்லை என்றால் 70 சொச்சம். பக்கத்துத் திசுக்களுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ போயிருந்தால் 40. நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போய்விட்டால் 10-க்கும் கீழே. பங்களாவும் குடிசையும் இருக்கிற தெருவில் "சராசரி வீடு" என்று ஒன்றைக் காட்டி யாரையாவது குடியிருக்கச் சொல்ல முடியுமா?

இந்த நோயில் எல்லாமே ஒரு கோட்டைப் பொறுத்தது. அந்தக் கோடுதான் பையின் சுவரில் உள்ள தசை. கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று பங்கு கட்டிகள் தசையைத் தொட்டிருப்பதில்லை. அவற்றைச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் பைக்குள் மருந்து செலுத்தி, அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுப்பது, அல்லது கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பது என்று பேச்சே மாறிவிடும்.

தசையைத் தொடாத கட்டிகளுக்கென்று 2006-இல் ஐரோப்பாவில் ஒரு பிரபலமான அட்டவணை வந்தது. 2,596 நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு. எத்தனை கட்டிகள், 3 செ.மீ.க்கு மேலா கீழா, முன்பு எத்தனை முறை திரும்ப வந்தது, எவ்வளவு ஆழம், கூடவே தட்டையான புற்று இருக்கிறதா, செல்களின் கிரேடு என்ன என்று ஆறு காரணிகள். அவற்றைக் கூட்டினால், ஐந்து வருஷத்தில் நோய் முற்றும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதில் தொடங்கி 45 சதவீதம் வரை போகிறது. உழைத்துச் செய்த நல்ல வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆறையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆறுமே கட்டியின் குணங்கள். சுரண்டிய கை எப்படிச் சுரண்டியது என்பதற்கு மதிப்பெண் இல்லை. எத்தனை மாதம் வீணானது என்பதற்கும் இல்லை. முதல் அறுவை முடிந்து சில வாரத்தில் மறுபடி சுரண்டிப் பார்க்கும் வழக்கமும் அந்த நோயாளிகள் காலத்தில் இருக்கவில்லை.

அதுதான் கேள்வி. தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், சுரண்டி எடுத்த துண்டில் தசை இருக்க வேண்டுமே! இது எல்.கே.ஜி. தர்க்கம். ஆனால் துண்டில் தசையே இல்லாமல் "தசையில் நோய் இல்லை" என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வீட்டுக்குப் போகிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஹாரி ஹெர் என்ற அறுவை மருத்துவர் 1999-இல் இதைச் சோதித்துக் காட்டினார். உள்தோலைத் தாண்டி, ஆனால் தசையை எட்டவில்லை என்று சொல்லப்பட்ட கட்டிகளை மறுபடி சுரண்டிப் பார்த்தார். முதல் துண்டில் தசை இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் நோய் உண்மையில் தசைக்குள் இருந்தது. முதல் துண்டில் தசை இல்லாதவர்களில்? 49 சதவீதம்! பாதிப் பேருக்கு ஸ்டேஜே தப்பு. இவர்கள் சீக்கிரம் இறந்தால் "கட்டி ரொம்ப வீரியமானது" என்றுதான் பேச்சு வரும்.

அடுத்தது தாமதம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தசை பாதித்து, பையை எடுத்துக்கொண்ட நோயாளிகளைப் பற்றி 2003-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நோய் உறுதியாகி 12 வாரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் மூன்று வருஷம் பிழைத்தவர்கள் சுமார் 62 சதவீதம். 12 வாரத்தைத் தாண்டியவர்களில் சுமார் 35. தள்ளிப்போனவர்கள் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கலாம், இதயக் கோளாறு இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் காத்திருப்பின் மேல் போட முடியாது என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். அதற்காக இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு யாராவது நிதானமாகத் தேதி குறிப்பார்களா?

அந்த 12 வாரமும் நோய் தெரிந்த பிறகு ஓடும் கடிகாரம். அதற்கு முன்னால் ஓடும் கடிகாரத்தைக் கணக்கில் எடுப்பவரே இல்லை. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகும், இரண்டு நாளில் தானாக நின்றுவிடும். "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்பார்கள் வீட்டில். மருந்துக்கடையில் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கிடைக்கும். ரத்தம் நின்றதற்கு இளநீரும் மாத்திரையும் பெயர் வாங்கிக்கொள்ளும். பெண்கள் என்றால் இது இன்னும் மோசம். நீர்க்கடுப்பு, மாதவிலக்கு என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடும். இந்த நோய் ஆண்களுக்குத்தான் மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆனால் வந்த பெண்களுக்கு முற்றிய நிலையில் தெரிய வருவது ஆண்களைவிட அதிகம். உடல்கூறு ஒரு காரணமாக இருக்கலாம், அலட்சியம் இன்னொரு காரணம். சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் இந்த நோய்க்குப் பாதிக் காரணமே அதுதான்.

புது மருந்துகள் வரவில்லையா என்றால், வந்திருக்கின்றன. பரவிவிட்ட நோய்க்கு என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, பழைய கீமோவில் சுமார் 16 மாதமாக இருந்த சராசரி ஆயுள் 31 மாதத்தைத் தாண்டியது. 2024-இல் வெளியான முடிவு இது, உண்மையிலேயே பெரிய சாதனை. அந்த மருந்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். துண்டில் கொஞ்சம் தசையும் சேர்ந்து வரும்படி ஆழமாகச் சுரண்ட, கூடுதலாக எந்த மருந்தும் வாங்க வேண்டாம். தசை வரவில்லை என்றால் சில வாரத்தில் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று பெரிய மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டிகளே எழுதி வைத்திருக்கின்றன.

ஆகவே கையில் ரிப்போர்ட் இருப்பவர்கள் "எத்தனை வருஷம்?" என்பதைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும். துண்டில் தசை இருந்ததா இல்லையா என்று பேத்தாலஜிஸ்ட் ஒரு வரி எழுதியிருப்பார். முதலில் அந்த வரியைத் தேடட்டும். இல்லை என்றிருந்தால், அல்லது அப்படி ஒரு வரியே இல்லையென்றால், மறு அறுவைக்கு எந்தத் தேதி என்று அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் கேட்கட்டும்.