வழிவழி வந்த கோப்புறை

நம் கழகத்தில் மூத்தோர் இளையோரிடம் ஒப்படைக்கும் சொத்துகள் பல. பழைய தேர்வுத் தாள்கள், பொங்கல் பானைகள், மேடைத் திரைச்சீலைகள். கணினித் துறை மாணவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 'லிப்' என்னும் கோப்புறை. அதைக் கைமாற்றும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. கொடுத்த அண்ணன்மார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜாவாவில் எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய நிரல் நூலகங்களை ஜார் கோப்புகளாகச் சேர்த்துக்கொள்கிறோம். ("நூலகத்தில் சிக்கல்" என்று வீட்டில் சொன்னபோது, புத்தகத்தைத் தொலைத்துவிட்டேனா என்று அம்மா கேட்டார்.) எனக்கு வந்த கோப்புறையில் எண்பதுக்கும் மேற்பட்ட ஜார்கள். எது எதற்கென்று கொடுத்தவருக்கே தெரியாது. அவருக்கும் அது யாரோ விரலியில் கொடுத்ததுதான்.

சென்ற ஆண்டு கலை இரவுக்கு நுழைவுச்சீட்டுப் பதிவு நிரல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என் விண்டோஸ் மடிக்கணினியில் அது குறையின்றி ஓடியது. லினக்ஸ் மேகச் சேவையகத்தில் ஏற்றினேன். முகப்புப் பக்கம் வந்தது. 'பதிவு செய்' பொத்தானை அழுத்தியதும் 'நோ சச் மெத்தட் எரர்'! மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதிவு தொடங்க வேண்டும். செயலாளர் அக்கா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேகத்தைத் திட்டினேன். சேவையகத்தை மூன்று முறை அழித்து மீண்டும் நிறுவினேன்.

மேகத்தின்மேல் குற்றமே இல்லை. கோப்புறையில் குவாவா என்ற நூலகம் 18, 21 என இரு பதிப்புகளில் இருந்தது. 18இல் இருந்த ஒரு செயற்கூறு 21இல் நீக்கப்பட்டுவிட்டது. வேறொரு பழைய ஜார் அதைத்தான் அழைத்தது. ஒரே பெயரில் இரண்டு வகுப்புகள் இருந்தால் ஜாவா முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும்; எச்சரிக்கை எதுவும் தராது. 'லிப்பில் உள்ள அனைத்தும்' என்று நட்சத்திரக் குறியிட்டு ஓட்டினால், எந்த ஜார் முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. என் விண்டோஸில் அகரவரிசைப்படி 18 முந்தியது. லினக்ஸில் 21 முந்தியது. வகுப்புகள் தேவைப்படும்போதுதான் ஏற்றப்படும் என்பதால், பொத்தானை அழுத்தும்வரை பிழை மறைந்தே கிடந்தது.

வெட்கத்துடன் ஒன்றைச் சொல்கிறேன். பிழைச் செய்தியின் முதல் வரியிலேயே வகுப்பின் பெயரும் செயற்கூற்றின் பெயரும் இருந்தன. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் படித்த எனக்கு, ஆங்கிலத்தில் நாற்பது வரி சிவப்பாக வந்ததும் வாசிக்கும் துணிவு போய்விட்டது. அதிகாலை மூன்று மணிக்குத்தான் வாசித்தேன். 'வெர்போஸ் கிளாஸ்' என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு வகுப்பும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று ஜாவாவே சொல்லிவிடும். 21ஐ நீக்கினேன், பதிவு திறந்தது.

அது தற்காலிக வைத்தியம். பிறகு எல்லாவற்றையும் மேவனுக்கு மாற்றினேன். மேவனும் மந்திரக்கோல் அல்ல. இரு பதிப்புகள் மோதினால் அது புதியதை எடுப்பதில்லை. சார்பு மரத்தில் நம் நிரலுக்கு அருகில் உள்ளதை எடுக்கும். (கிரேடில் புதியதை எடுக்கும்.) ஆனால் 'டிபென்டன்சி ட்ரீ' கட்டளை அந்த மரத்தைக் காட்டும். வேண்டிய பதிப்பை நாமே எழுதி நிலைநிறுத்தலாம்.

அப்படிப் பிரித்துப் பார்த்தபோதுதான் லாக்4ஜே 2.11 கண்ணில் பட்டது. 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய பாதுகாப்பு ஓட்டை உள்ள பதிப்பு அது. பதிவேட்டில் விழும் ஒரு வரியைக் கொண்டே அந்நியர் நம் சேவையகத்தில் தம் நிரலை ஓட்டலாம். மாணவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தச் சேவையகத்தில்தான் இருந்தன.

போன மாதம் முதலாண்டுத் தம்பி ஒருவர் விரலியுடன் வந்து, "அண்ணே, லிப் இருக்கா?" என்றார். மேவன் கோப்பு ஒன்றை மட்டும் கொடுத்தேன். அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. உட்கார வைத்து, மரத்தை வரி வரியாக இருவரும் வாசித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது.