பாலாற்று நஷ்டஈடு: பணம் வரலாம், தண்ணீர் திரும்புமா?

ஹடப்சர்:

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்துள்ள தமிழர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்றை 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்தது. தோல் ஆலைக் கழிவு நீரால் பாதிக்கப்பட்டு, இன்னும் நஷ்டஈடு கிடைக்காத குடும்பங்களுக்குத் தமிழக அரசு ஆறு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும். அதை ஆலை முதலாளிகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு.

இது பழைய வழக்கின் தொடர்ச்சிதான். அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று இதே கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ந் தேதியே கூறிவிட்டது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக அப்போதே கணக்கு காட்டப்பட்டது. அதன்பின் 2025 தீர்ப்பு வருவதற்குள் 28 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தொல்லையின் வேர் என்ன? முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டார்கள். குரோமியம் உப்பு வந்ததும் அந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆனால் போடும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு வரை கழிவு நீரோடு போய்விடுகிறது.

சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்தால் குரோமியம் வண்டலாக அடியில் படியும். அது உலோகம், மக்கி அழியாது. தண்ணீரை விட்டுச் சேற்றுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கரைந்துள்ள உப்போ சாதாரண சுத்திகரிப்பில் நீங்காமல் கிணறு வரை போகிறது.

அந்தச் சேறு உயிரையும் குடித்தது. 2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். வெளி மாநிலத்தில் ஆலைக்குள்ளேயே படுத்துறங்கும் எவருக்கும் இது எச்சரிக்கை.

தோல் தொழில் அன்னியச் செலாவணி தருகிறது; ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது. மறுப்பதற்கில்லை. அந்த லாபத்தில் ஒரு பங்கைச் சேற்றைப் பத்திரமாக வைக்கவும் உப்பைப் பிரிக்கவும் செலவிடாதவரை, மிச்சச் செலவு விவசாயி தலையிலும் கூலிக்காரன் தலையிலும்தான் விழும்.

ஊரில் நிலம் உள்ளவர்கள், 2001, 2009-ம் ஆண்டுகளின் நஷ்டஈட்டு உத்தரவுகளில் தங்கள் குடும்பத்தின் பெயர் உள்ளதா என்று கலெக்டர் ஆபீசில் விசாரிப்பது நல்லது. ஆலைகளைக் கண்காணிக்க, ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் கோர்ட்டு உத்தரவிட்டது. பணம் பழைய நஷ்டத்துக்கு. இனிக் கிணறு கெடாமல் காப்பது அந்தக் கண்காணிப்பைப் பொறுத்தது.