கிழிக்கட்டும்... ஒட்டட்டும்!

மத்தியானம் மூன்று மணி. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, அம்மா 'அப்பாடா' என்று உட்காரும் நேரம். அப்போதுதான் இரண்டு வயதுக் குட்டி, அன்றைய பேப்பரை எடுத்துப் பரபரவெனக் கிழிக்க ஆரம்பிக்கும். "ஐயையோ, தாத்தா இன்னும் படிக்கலை!" என்று பேப்பரைப் பிடுங்கி, அழுகையை நிறுத்தக் கையில் செல்போனைக் கொடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

தாத்தா படித்து முடித்த நேற்றைய பேப்பரைக் கொடுத்துப் பாருங்கள். அழுகையும் நிற்கும், செல்போனும் தப்பிக்கும். கிழிப்பது சேட்டை அல்ல. ஒரு கை இந்தப் பக்கம் இழுக்க, இன்னொரு கை அந்தப் பக்கம் இழுக்க, இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்யப் பழகும் பயிற்சி அது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காகிதத்தைப் பிடிக்கிற அந்தப் பிடிதான், பின்னால் சட்டைப் பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் கைகொடுக்கும்.

கிழித்ததை ஒட்டினால் அது கொலாஜ். ஒட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர். 1912-ல் பிக்காசோவும் பிராக்கும் காகிதத் துண்டுகளைத் தங்கள் ஓவியங்களில் ஒட்டியபோது கலை உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. மத்தீஸ் என்ற ஓவியர் 1941-ல் பெரிய அறுவைசிகிச்சைக்கு ஆளாகி, அதன்பின் நடமாட்டம் குறைந்த காலத்தில், வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்து ஒட்டியே பெயர் வாங்கினார். குழந்தைக்கு அந்தப் பெயரெல்லாம் தேவையில்லை. பசையும் காகிதமும் போதும்.

பசை எப்படி?

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளற வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கூழ் போலப் பளபளவென்று வந்ததும் இறக்கி, நன்றாக ஆறிய பிறகே குழந்தையிடம் தர வேண்டும். மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வரும். வாடை மாறினால் கொட்டிவிடலாம். பைண்டிங் வேலைக்கான பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது விஷம், வீட்டுப் பசையில் கூடவே கூடாது. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மைதாவும் வேண்டாம். அரிசி மாவில் இதேபோல் காய்ச்சிக்கொள்ளலாம்.

எந்த வயதுக்கு எது?

ஒன்றரை வயதுக்குப் பசையே வேண்டாம். அகலமான செல்லோடேப்பை, ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி ஓர் அட்டையில் விரித்து, ஓரங்களை வேறு டேப்பால் அழுத்திவிட்டால் போதும். உள்ளங்கை அளவுக் காகிதங்களைக் குழந்தை வைத்து வைத்து எடுக்கும். 'ஒட்டிக்கிச்சு' என்பதே அதற்குப் பெரிய அதிசயம்.

இரண்டு வயதில் தினசரி காலண்டர் தாள் சரியான பொருள். மெல்லியது, சுலபமாகக் கிழியும். பசையை விரலால் தொட்டுத் தடவ விடலாம். பேப்பரை மேலிருந்து கீழாகக் கிழித்தால் பெரும்பாலும் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். இரண்டையும் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று வயதுக்கு மேல் வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், வாழைச்சருகு, டெய்லர் கடைத் துண்டுத்துணி, பழைய கல்யாணப் பத்திரிகை எனச் சேர்க்கலாம். 'இது மொறுமொறு, இது வழவழ' என்று பேசிக்கொண்டே ஒட்டினால் தமிழும் சேர்ந்து வளரும்.

இதில் மட்டும் கவனம்

பருப்பு, பட்டாணி, புளியங்கொட்டை, பொத்தான், பாசிமணி ஆகியவற்றை ஒட்டினால் அழகுதான். ஆனால், கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் வயதில் அவை தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும். மூன்று வயதுக்குள் இவை வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணி எந்த வயதுக் குழந்தைக்கும் ஆகாது; அதன் விதை கொடிய விஷம். சாமிக்குச் சாற்றிய மாலையில் அரளிப்பூ இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். அரளியின் பூ, இலை எல்லாமே விஷம். பத்திரிகைகளில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தர வேண்டும். ஒட்டி முடிக்கும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பது அவசியம்.

பெரியவர்கள் செய்யும் தவறு

குழந்தை எல்லாத் துண்டுகளையும் ஒரே மூலையில் குவித்து ஒட்டும். பார்க்கிற அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். "இங்க பாரு, மீனுக்கு வால் இப்படி வரணும்" என்று ஒன்றைப் பிய்த்து வேறிடத்தில் ஒட்டுவார். இரண்டு முறை இப்படி நடந்தால், மூன்றாம் முறை குழந்தை காகிதத்தை நீட்டி, "நீயே ஒட்டும்மா" என்று சொல்லிவிடும். படம் அழகாக வரும். குழந்தை எழுந்து போய்விடும்.

அதனால் மீன், வீடு, பூ என்று எதையும் வரைந்து தர வேண்டாம். "இது என்ன?" என்று கேட்பதைவிட, "இதைப் பத்திச் சொல்லு" என்றால் கதை வரும். அந்தக் குவியல் மழையாக இருக்கலாம், இட்லியாகவும் இருக்கலாம்.

முடிந்ததும் பசை காய்வதற்குள் ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டால் எறும்பு வராது. துணி க்ளிப்பில் மாட்டிய படம் காயட்டும். பின்பக்கம் தேதியையும், குழந்தை சொன்ன கதையை ஒரு வரியிலும் எழுதி வைக்கிற வேலையைத் தாத்தாவிடம் கொடுத்துவிடலாம். பேப்பர் கொடுத்தவர் அவர்தானே!