பழுப்புக் கறையும் ஆயுட்கணக்கும்

கணையத்தில் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிய மாத்திரத்தில் வீட்டார் கேட்கும் முதல் வினா, "இன்னும் எத்தனை மாதம்?" என்பதேயாகும். இந்நாளில் சிலரது கையில் திசுச் சோதனை அறிக்கையும் இருக்கிறது. ஏதோவொரு புரதத்தின் பெயரை எழுதி, "மிகுதி" என்றோ "குறைவு" என்றோ அதில் குறித்திருப்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லையே ஆயுளின் அளவாகக் கொண்டு அழுது தீர்ப்போர் உண்டு. நிம்மதி கொள்வோரும் உண்டு. இரண்டிலும் அவசரம் வேண்டாம்.

கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லியதாகச் சீவுகிறார்கள். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மீது இடுகிறார்கள். புரதம் உள்ள இடம் பழுப்பாகிறது. அக்கறையின் அடர்த்தியை நுண்ணோக்கி வழியே மதிப்பிடுவது பெரும்பாலும் மனிதக் கண்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எச்ஈஎன்டி1 என்ற புரதத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெம்சிடபின் என்னும் மருந்து உயிரணுவினுள் நுழைவதற்கு அதுவே முதன்மையான வாயில். பல நாடுகளில் நடந்த எஸ்பாக்-3 ஆய்வில், அறுவைக்குப் பின் மருந்து பெற்றோரின் திசுக்களைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டனர். ஜெம்சிடபின் பெற்றவர்களுள் புரதம் மிகுந்தோரின் இடைநிலை ஆயுள் 26.2 மாதம்; குறைந்தோருக்கு 17.1 மாதம். 5-எஃப்யூ என்ற வேறு மருந்தைப் பெற்றோரிடத்திலோ, புரதம் மிகுந்திருந்ததால் நன்மை எதுவும் காணப்படவில்லை. ஆகவே அப்புரதம் உரைத்தது நோயாளியின் விதியையன்று. அவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதையே.

ஆயினும், நோய் பரவிவிட்டோரிடையே நடந்து 2013-ல் வெளியான மற்றோர் ஆய்வில், ஜெம்சிடபின் பெற்றோருள் புரதம் மிகுந்தவருக்கும் குறைந்தவருக்கும் வேறுபாடே தென்படவில்லை. முன்னதில் பயன்பட்டது எலியிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள், பின்னதில் முயலினது. முயலின் எதிர்ப்பொருளைக் கொண்டு, அறுவை செய்துகொண்டோரின் திசுக்களைப் பிறகு சோதித்தபோதும் வேறுபாடு தோன்றவில்லை. ஐயம் எதிர்ப்பொருளின்மீதே விழுந்தது. கட்டியில் உள்ள புரதம் ஒன்றே. எதனைக் கொண்டு தேடினர் என்பதைப் பொறுத்து விடை மாறிற்று!

மேலும், 26.2 மாதம் என்பது எவருக்கும் இட்ட கெடுவன்று. அக்குழுவில் பாதிப்பேர் அதனினும் கூடுதலாக வாழ்ந்தனர் என்பதே அவ்வெண்ணின் பொருள். உங்கள் தந்தையார் எந்தப் பாதியில் இருக்கிறார் என்பதை அது சொல்லாது.

மருத்துவரிடம் மாதக்கணக்கைக் கேட்பதைவிட, "இந்தச் சோதனையால் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறக்கூடிய சோதனையும் உண்டு. மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் அற்றுப்போயிருந்தால், பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பயன்தர வாய்ப்புண்டு. கணையப் புற்றுநோயில் அத்தகையோர் நூற்றுக்கு ஒருவர் அளவே. திசு பதித்த மெழுகுக் கட்டியை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; இரண்டாம் கருத்துக்காக வேறிடம் செல்லும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.