தேவதைக்கு ஏது கடிகாரம்?

கோவை, ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த ஊர். குறித்த மணிக்குமேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி கொடு என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது.

நாம் கேட்கிறோம்: இதே ஊரின் மருத்துவமனைச் செவிலியருக்கு எந்தச் சங்கு ஊதுகிறது? மாற்றாள் வராவிட்டால் வார்டை விட்டு நகர முடியாது. வந்தாலும், படுக்கை படுக்கையாக நின்று, கொடுத்த மருந்தையும் குறையாத காய்ச்சலையும் சொல்லி ஒப்படைத்தாக வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி எங்கே? கேட்டால், "தொண்டல்லவா!" என்கிறார்கள். (மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிடும் ஆசிரியரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.)

பயிற்சி மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. ஆளைக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பார்களாம்; அந்தப் பள்ளத்தைப் பெண்களின் இரக்கம் நிரப்ப வேண்டுமாம்! 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர் ஆயிரக்கணக்கில் சென்னையில் அமர்ந்து பணி நிரந்தரம் கேட்டார்கள். அன்று அவர்களுடைய மாத ஊதியம் 7,700 ரூபாய். போராட்டத்துக்குத் தடை விதித்தது உயர்நீதிமன்றம்.

மே 12 வந்தால் நைட்டிங்கேல் பெயரால் விளக்கேற்றி, "தேவதைகள்" என்பார்கள். அந்த அம்மையார் கையில் விளக்கு மட்டுமா இருந்தது? கணக்கும் இருந்தது! கிரிமியப் போரின் சாவுகளை எண்ணிப் படமாக வரைந்து ஆட்சியாளர்முன் நீட்டியவர் அவர். நம் செவிலியரின் வருகை ஏட்டில் வந்த மணியோடு வெளியேறிய மணியும் ஏறட்டும். மிகுந்த மணிக்குக் கூலியை எண்ணி வைக்கட்டும்!