வந்து சேர்ந்தும் படிக்க முடியாத கடிதம்

1999-இல் ஈப்போவிலிருந்து அக்கா எனக்குத் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நான் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தேன். திறந்து பார்த்தால், புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் விநோதக் குறிகளுமாக இருந்தன. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். "அம்மாவுக்கு ஆபரேஷன்னு எழுதியிருந்தேனே, ஏன்டா வரல?"

அம்மா தேறிவிட்டார். அந்தக் கேள்விதான் என்னை விட்டுப் போகவில்லை.

கடிதம் வந்த வழியில் தவறில்லை. அக்காவின் மின்னஞ்சல் சேவை ஒரு நிறுவனத்துடையது. என் அலுவலகத்தின் சேவை வேறொன்று. இரண்டையும் பேச வைத்தது எஸ்.எம்.டி.பி. என்ற பொது விதிமுறை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டது. அனுப்பும் கணினி முதலில் 'ஹலோ' சொல்லும். பிறகு யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லும். பெறும் கணினி ஏற்றுக்கொண்டால் 250 என்ற எண்ணைப் பதிலாகத் தரும். அப்படியொரு முகவரியே இல்லையென்றால் 550. எந்த நிறுவனத்தின் கணினியானாலும் இதே பேச்சுதான்.

தவறு எழுத்தில் நடந்தது. கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தமக்கென்று தனி எண் வரிசை வைத்திருந்தன. எந்த வரிசை என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிட 1992-இல் 'மைம்' விதிமுறை வந்துவிட்டது. அக்காவின் கடிதத்தில் அந்தக் குறிப்பு இல்லை. என் கணினி அதை ஐரோப்பிய எழுத்தாக நினைத்துக்கொண்டது. யூனிகோட் பரவிய பிறகே இந்தத் தொல்லை குறைந்தது. அதில் 'அ' என்றால் எந்த ஊரிலும் 2949தான்.

சென்ற மாதம் பழைய கோப்புகளில் அந்தக் கடிதம் கிடைத்தது. என் மகள் அதை எழுத்துரு மாற்றியில் இட்டாள். ஒரே நொடியில் தமிழ். கடைசி வரி: "பயப்படாதே, முடிந்தால் வந்துவிடு. அம்மா உன்னையே கேட்கிறார்."

ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை. இத்தனை ஆண்டுகளாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

உறவினரிடமிருந்து புரியாத எழுத்தில் ஏதாவது வந்தால் அழித்துவிடாதீர்கள். உடனே ஒரு முறை அழைத்துக் கேளுங்கள். நான் அன்று அதைத்தான் செய்யவில்லை.